சகலைகள் ஓடிய இருபத்தோரு கிலோமீட்டர்

அந்த வீட்டில் பெண் எடுத்த இரண்டு மருமகன்களும் எட்டு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. மாமியார் வீட்டில் மூத்தவரைப் பெரிய மாப்பிள்ளை என்பார்கள், இளையவரைச் சின்ன மாப்பிள்ளை என்பார்கள். பெரிய மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். சின்ன மாப்பிள்ளை லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற அரசாங்க இன்ஸ்பெக்டர். சம்பந்தம் பேசும்போதே யாராவது இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

அதற்கு முன்னால் ஐந்து வருஷம், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இருவரும் ஒன்றாகத்தான் ஓடுவார்கள். ஓடி முடித்து வியர்வை காய உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். அது ஒரு கண் ஆஸ்பத்திரி லிஃப்டோடு முடிந்தது.

ஆறு மாடிக் கட்டடம் அது. பெரிய மாப்பிள்ளைதான் மாதாமாதம் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஒரு நாள் நாலு பேரோடு இறங்கிய லிஃப்ட், தரைத்தளத்தில் நிற்காமல் முழங்கால் ஆழம் கீழே போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. விசாரிக்க வந்தவர் சின்ன மாப்பிள்ளை. சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். சகலையைச் சொந்தம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை போலிருக்கிறது. வந்தார், ஏறிப் பார்த்தார், ‘பிரேக் லைனிங் தேய்ந்திருந்தது, கவனிக்கப்படவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய மாப்பிள்ளையின் லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். அந்த ஆறு மாதமும் அவர் கம்பெனி ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருந்தார். நேற்றுவரை தனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் வந்து, “அண்ணே, அந்த ரோலரைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க” என்று கேட்கும்போதெல்லாம் அவருக்குச் சகலையின் முகம் வந்து நிற்கும். பல்லைக் கடித்துக்கொள்வார்.

லைசென்ஸ் திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகியும் அந்தக் கடுப்பு இறங்கவில்லை. அக்கா தங்கை இருவரும் கூடிப் பேசி, நகரத்து ஹாஃப் மாரத்தானில் ‘குடும்ப ஜோடி’ என்ற பிரிவில் புருஷன்மார் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். ஜோடியில் இருவரும் பத்து விநாடி இடைவெளிக்குள் கோட்டைத் தாண்ட வேண்டும். இல்லாவிட்டால் ஓடியதே செல்லாது.

“எனக்கும் அவனுக்கும் என்ன பேச்சு இருக்கு?” என்று மனைவியிடம் எகிறினார் பெரிய மாப்பிள்ளை.

“பேச வேண்டாம். ஓடுங்க. ஓடமாட்டேன்னா இனிமே என் தங்கச்சி வீட்டுக்கு நான் போறப்ப நீங்க தெருவுல நில்லுங்க. நானும் எட்டு மாசமா ரெண்டு பக்கமும் சமாதானம் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டேன்.”

அவர் பரணிலிருந்து ஷூவை இறக்கினார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஆயிரம் பேர் குப்பைக்குப் போடும் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு நடுங்கி நின்றார்கள். சின்ன மாப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“எப்படி இருக்கீங்க அண்ணே?”

பெரிய மாப்பிள்ளை குனிந்து, ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

விசில் ஊதியதும் அவர் எடுத்த எடுப்பிலேயே வேகம் பிடித்தார். சகலைக்கு ஆரம்பத்தில் மெதுவாகப் போய்ச் சூடு ஏற்றித்தான் பழக்கம். அது தெரிந்தே இழுத்தார். ஐந்தாவது கிலோமீட்டருக்குள் அவனுக்கு நாக்குத் தள்ள வேண்டும், ‘அண்ணே முடியல’ என்று கெஞ்ச வேண்டும், அதைக் கேட்க வேண்டும். ஆனால் பின்னாலிருந்து சளக் சளக் என்று ஈர ஷூவின் சத்தம் விடாமல் வந்துகொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தார். சகலை கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். மழையில் அதைப் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்.

“கண்ணு தெரியுதா?” என்று தன்னை அறியாமல் கேட்டுவிட்டார்.

“உங்க பச்சைச் சட்டை தெரியுது. அது பின்னாடியே வர்றேன்.”

கேட்டிருக்கக் கூடாது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பதினாலாவது கிலோமீட்டரில் சாலை ஆற்றங்கரையோரம் திரும்பியது. எதிர்க்காற்றில் மழை முகத்தில் ஊசியாகக் குத்தியது. தொடை உரசி எரிந்தது. ஆட்கள் குறைந்து, இவர்கள் இருவர் மட்டும் கொஞ்ச தூரம் தனியாக ஓடும்படி ஆனது.

“ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?” எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்தது வெளியே வந்து விழுந்தது. “எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. ‘சகலை, இப்படி இருக்கு’ன்னு. என் வீட்டுல உக்காந்து எத்தனை நாள் சாப்பிட்டிருக்க?”

இதுவரை ‘நீங்க’ என்று கூப்பிட்டுப் பழகிய வாய் ‘நீ’ என்றது. சின்ன மாப்பிள்ளைக்கும் அது உறைத்திருக்கும்.

“பண்ணியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

“லைனிங் ஒரு மாசத்துலயே தேயும்னு சொல்லியிருப்பேன். போன மாசம் பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லியிருப்பேன்.”

தண்ணீர் மேஜையைத் தாண்டினார்கள். பேப்பர் கப்பில் பாதி மழைத்தண்ணீர்தான் இருந்தது.

“அண்ணே, அதை மட்டும் சொல்லாதீங்க” என்றார் பிறகு.

“எதை?”

“பாத்தேன்னு.”

பெரிய மாப்பிள்ளையின் கால் ஒரு நொடி தடுமாறியது.

“அந்தக் கட்டடத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பெயிண்ட் அடிச்சிருக்காங்க. மெஷின் ரூமுக்குள்ள மோட்டார் மேலயும் சேர்த்து அடிச்சு வெச்சிருந்தாங்க. பிரேக் மூடியில நாலு ஸ்க்ரூ. நாலு மேலயும் பெயிண்ட் அப்படியே இருந்துச்சு. ஒரு கீறல்கூட இல்ல. நான்தான் அந்தப் பெயிண்டை முதல்ல உடைச்சேன்.” அவருக்கு மூச்சு இரைத்தது. “ரெண்டு வருஷமா அந்த மூடியை யாரும் திறக்கல. ஆனா மாசாமாசம் உங்க கையெழுத்து இருக்கு.”

ஆற்றுப்பக்கம் பார்த்துக்கொண்டே ஓடினார் பெரிய மாப்பிள்ளை. அந்த மூடியைத் திறக்க முக்கால் மணி நேரம் லிஃப்டை நிறுத்த வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்கள் நிறுத்த விட மாட்டார்கள். சில நாள் ஆறு கட்டடம் வரிசையாக நிற்கும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுவார். அடுத்த மாதமும் அப்படித்தான்.

“‘பாக்கவே இல்ல’ன்னு எழுதியிருந்தா உங்க லைசென்ஸ் ஆயுசுக்கும் போயிருக்கும், கேஸும் வந்திருக்கும்” என்றார் சகலை. “வேற ஆளு வந்தா அப்படித்தான் எழுதுவான். அதனாலதான் நான் ஒதுங்கல. தேஞ்சு போச்சுன்னு மட்டும் எழுதினேன்.”

இதைக் கேட்டு ஒரு மனிதனுக்கு நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். பெரிய மாப்பிள்ளைக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு மாதமாக யாரை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டிருந்தாரோ, அவன் போட்ட பிச்சையில்தான் இன்றைக்கு வேலை பார்க்கிறார். அவன் அதைத் தெரிந்துகொண்டே, வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு கம்மென்று இருந்திருக்கிறான்.

“உன்னை எவன்டா கேட்டான்?” என்று கத்தினார். “என்னைக் காப்பாத்துன்னு உன் கால்ல வந்து விழுந்தேனா? அப்ப நீயும் பொய்யன்தான். பெரிய யோக்கியன் மாதிரி கூட ஓடிவர்ற!”

“ஆமா, பொய்தான் எழுதினேன். தினமும் உறுத்துது. அந்த நாலு பேர்ல ஒரு கர்ப்பிணிப் பொண்ணு இருந்தா, தெரியுமா உங்களுக்கு? நாலு பேரையும் நான் பாத்துப் பேசினேன். நீங்க ஒருத்தரையாவது போய்ப் பாத்தீங்களா?”

பெரிய மாப்பிள்ளை வேகத்தைக் கூட்டினார்.

“அண்ணே, நில்லுங்க. எனக்கு முன்னாடி ஒண்ணும் தெரியல. அண்ணே!”

பச்சைச் சட்டை மழைக்குள் மறைந்தது.

கடைசி ஆறு கிலோமீட்டரை அவர் அப்படி ஓடியதே இல்லை. கோட்டைத் தாண்டியபோது ஒலிபெருக்கியில் எண்ணைச் சொல்லி, “ஜோடி எங்கே, ஜோடி எங்கே?” என்று கேட்டார்கள். இரண்டு பெண்களும் ஒரே குடைக்குள் நின்றிருந்தார்கள். இரண்டு துண்டும் கொழுந்தியாள் கையில்தான் இருந்தது. அவள் ஒன்றையும் நீட்டவில்லை.

“மாமா, அவர் எங்க?”

“வருவான்.”

பதினாறு நிமிஷம் கழித்து வந்தார். முழங்காலிலிருந்து ரத்தம் மழையோடு கலந்து சாக்ஸ் வரை வழிந்திருந்தது. உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. சாலை நடுவில் இருந்த இரும்பு மூடியில் வழுக்கி விழுந்தாராம். பின்னால் வந்த யாரோ தூக்கிவிட்டிருக்கிறார்கள். முதலுதவிக் கூடாரத்தில் ஒரு நர்ஸ் மருந்து போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“கண்ணு தெரியாதவரை எப்படிங்க விட்டுட்டு வந்தீங்க?” என்று புருஷனைக் கேட்டாள் அக்கா.

“நான்தான் போகச் சொன்னேன் அண்ணி” என்றார் சின்ன மாப்பிள்ளை. “எனக்காக அவர் ஓட்டம் கெட வேணாம்னு.”

மறுபடியும்! பெரிய மாப்பிள்ளைக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒரு தடவை காப்பாற்றியது போதாதா?

“பொய் சொல்றான்” என்றார். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். “நிக்கச் சொல்லிக் கத்தினான். நான்தான் வேணும்னு விட்டுட்டு வந்தேன். அந்த லிஃப்ட்டும் அப்படித்தான். ரெண்டு வருஷமா நான் அந்த மூடியைத் திறக்கவே இல்ல. திறந்த மாதிரி கையெழுத்துப் போட்டேன். இவனுக்கு அது தெரியும். தெரிஞ்சும் மாத்தி எழுதினான். போதுமா? இனிமே உன் தயவு எனக்கு வேணாம்.”

அவர் மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடையில் சாமான் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் பிரித்துப் பார்க்கிறவள் மாதிரி. தங்கை தன் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“நிஜமா? மாத்தி எழுதினீங்களா?”

சின்ன மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து சகலையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதல் தடவையாக வெறுப்பு இருந்தது. அது பெரிய மாப்பிள்ளைக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது.

வீடு போகும் வழியில் கார் ஓட்டியது மனைவிதான். பாதி தூரம் போனபிறகு, “இன்னும் எத்தனை லிஃப்டு அப்படி இருக்கு?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“தெரியல.”

“போய்ப் பாருங்க.”

அடுத்த இரண்டு வாரத்தில் தன் பொறுப்பில் இருந்த பதினாலு லிஃப்டின் மூடியையும் அவர் திறந்தார். இரண்டில் லைனிங் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. அவற்றை அன்றே நிறுத்தினார். ஒரு கட்டட மேனேஜர் எட்டு மாடிக்கும் ஆட்களை நடக்கவிட்டதற்காக அவரைக் கண்டபடி ஏசினார். பெரிய மாப்பிள்ளை சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “ஏசிக்கோங்க. மூணு நாளைக்கு ஓடாது” என்றார். கம்பெனியில் நடந்ததை நடந்தபடி சொன்னார். இரண்டாம் தடவையாக ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தார்கள். எவ்வளவு நாளைக்கு என்று சொல்லவில்லை.

சின்ன மாப்பிள்ளையும் தன் அலுவலகத்தில் உண்மையைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், அவர்மேல் விசாரணை நடப்பதாகவும் கொழுந்தியாள் வழியாகச் செய்தி வந்தது. கேட்டுக்கொண்டிருந்த பெரிய மாப்பிள்ளை எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சகலைக்குப் போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை.