நாலு நாள் சுற்றுலாவுக்குக் கருவாடு

சுற்றுலாவாம் சுற்றுலா! ஹாங்காங்கா, சிங்கப்பூரா, அங்கெல்லாம் ஊரே போய் வந்தாகிவிட்டது; நம் பிலிப்பினோக்கள் இன்னும் அதிகம் கால் வைக்காத இடம், விசா கேட்காத இடம், நீல நீர் கொட்டும் அருவி, லாவோஸுக்கு வாருங்கள் என்று முகநூலில் தேனொழுக எழுதிக்கொண்டிருந்தாளே ஜோவிலின், அவள் அந்த அருவியைக் கண்ணால் கண்டதே கிடையாது. அவள் கண்டதெல்லாம் கம்பி போட்ட ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் மதில், மதிலுக்கு மேலே முள்கம்பி. இப்படி முன்பு யாரோ எழுதியதைப் படித்து ஏமாந்துதான் அவளும் வந்தாள். வந்து இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரர்களை இணையத்தில் மயக்கிப் பணம் கறக்கும் வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள். அவளுக்கு நன்றாக எழுத வரும் என்று தெரிந்ததும், ஊரிலிருந்து ஆள் பிடிக்கும் பக்கத்தை அவளிடம் கொடுத்தார்கள்.

கொடுத்தவன் ரொண்டெல். சீன முதலாளிக்குக் கீழே பிலிப்பினோக்களை மேய்க்கிறவன். அவனும் அவளைப்போலவே செபு மாகாணத்துக்காரன்தான், அதுதான் வயிற்றெரிச்சல். அவள் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளாமல் வரவேண்டுமென்று பாடம் எடுத்தவனும் அவனே. நம் ஊர்க் குடிநுழைவு அதிகாரிகளைத் தெரியாதா? சுற்றுலா என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு, வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "சின்னப் பை, பெரிய தொப்பி, பெரிய சிரிப்பு. அம்புட்டுதான்" என்று அன்றைக்குச் சொன்னான் ரொண்டெல். அவளும் ஈயென்று சிரித்துக்கொண்டே விமானம் ஏறினாள், முட்டாள்.

ஒருநாள் அருவிக்கு முன்னால் அவள் நிற்பதுபோல ஒரு படத்தை ஒட்டுவேலை செய்து, அவள் பெயரிலேயே போட்டார்கள். கீழே முதல் ஆளாக வந்து எழுதினாள் தங்கை டிவினா. 'அக்கா, நானும் வர்றேன். என்னை மட்டும் விட்டுட்டு ஜாலியா இருக்கியா?'

ஜோவிலின் அதை அழிப்பதற்குள் ரொண்டெல் பார்த்துவிட்டான்.

"அட, தங்கச்சி இருக்குன்னு சொல்லவே இல்லையே! கூப்பிடுடி."

"வேண்டாம்ணே. அது சின்னப் பொண்ணு. உங்க கால்ல விழுறேன்."

"விழு. யாரு வேண்டாம்னா?"

அவள் குனிந்தபோது மின்தடியை விலாவில் வைத்து அழுத்தினான். வாயில் நுரை தள்ளுகிறவரை எடுக்கவில்லை. மறுபடி கேட்டான், மறுபடியும் மாட்டேன் என்றாள். இந்தத் தடவை முதுகில் வைத்தான். பக்கத்து மேஜையில் ஓனோஃப்ரே தலையைக் குனிந்துகொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தான், மிஞ்சியிருந்த விரல்களால். முன்பொரு நாள் அம்மாவிடம் போனில் பேசும்போது தன் வட்டாரப் பேச்சில் ஒரே ஒரு வார்த்தை, 'காப்பாத்து' என்று சொன்னான் பாவம். ரொண்டெலுக்கு அந்தப் பேச்சும் தெரிந்திருந்தது. சுத்தியலை எல்லோருக்கும் முன்னால்தான் எடுத்தான்.

ஆக, போனில் ஜாடையாகச் சொல்லலாம் என்ற கதைக்கே இடமில்லை. மாட்டேன் என்றாலும் விடமாட்டார்கள், அவள் பெயரில் அவர்களே எழுதி டிவினாவை வரவழைத்துவிடுவார்கள். ஜோவிலின் தரையில் கிடந்தபடியே யோசித்தாள். டிவினா கிளம்பத்தான் போகிறாள். கிளம்பினாலும் விமானம் ஏறக் கூடாது. அதற்கு அந்தச் 'சின்னப் பை' பெரிதாக வேண்டும். பெரிதாக்குகிறவன் ரொண்டெலாகவே இருக்க வேண்டும்.

"சரிண்ணே, கூப்பிடுறேன்" என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்கு வழக்கம்போல பசையாக ஒட்டும் லாவோஸ் சோறும் மிளகாய்த் துவையலும் வந்தன. ரொண்டெல் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றான். ஜோவிலின் தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எங்க பாந்தயான் தீவுல இந்நேரம் அம்மா தங்கீத் கருவாடு வறுத்துட்டு இருப்பாங்க. மொறுமொறுன்னு. பூண்டுச் சோறு, பச்சைமிளகா நறுக்கிப் போட்ட புளிச்ச காடி..."

"வாயை மூடுடி" என்றான் ரொண்டெல். ஆனால் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"தொட்டுக் கடிச்சா சத்தம் தெருவரைக்கும் கேக்கும்ணே."

"மூடுன்னேன்ல!" கன்னத்தில் பளாரென்று விழுந்தது. உதடு கிழிந்தது. கிழியட்டும், அவன் நாக்கில் எச்சில் ஊறிவிட்டதே!

மாலையில் டிவினாவை அழைத்து, ஒலிபெருக்கியில் போடச் சொன்னான். ஜோவிலின் அவன் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள். சின்னப் பை, பெரிய தொப்பி, நாலு நாள் ஊர் சுற்றல், எல்லாம். டிவினா சந்தோஷத்தில் கீச்சென்று கத்தினாள். பாழாய்ப்போன பெண், எவ்வளவு சந்தோஷம்!

அப்போது ரொண்டெலே போனை வாங்கினான். குரலில் சர்க்கரை.

"தங்கச்சி, நான் இங்க வழிகாட்டி. உங்க ஊர்க் கருவாடு கொஞ்சம் எடுத்துட்டு வர்றியாம்மா?"

"அதுக்கென்னண்ணே! எவ்ளோ?"

"இங்க நம்ம பசங்க நிறைய பேரு. ஒரு பெட்டி நிறைய கட்டு. இறால் விழுது ஒரு ஜாடி, காடி ரெண்டு பாட்டில்."

"காடியும் விழுதும் விமானத்துக்கு அடியில போற பெட்டியில போட்டுடு" என்று ஜோவிலின் குறுக்கே சொன்னாள். "கருவாட்டை மட்டும் கையிலேயே வெச்சுக்கோ. அடியில போட்டா தூளாயிடும்."

ரொண்டெல் தலையாட்டினான். "ஆமா ஆமா, நொறுங்கினா வேஸ்ட்டு." எத்தனை பேரைப் பாடம் சொல்லி ஏற்றி இறக்கிய மனுஷன்! வயிறு பேசும்போது மூளை படுத்துவிட்டது.

டிவினா கிளம்பிய நாளில் ரொண்டெல் காலையிலிருந்தே சீட்டியடித்துக்கொண்டு திரிந்தான். போன் அடித்தது, படத்தோடு வரும் அழைப்பு. திரையில் டிவினா பெரிய தொப்பியோடு அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, என்னைத் தனியா உட்கார வெச்சுட்டாங்க! பெட்டி நாத்தம் வரிசை முழுக்க அடிச்சுது. நாலு நாள் சுத்திப் பாக்கப் போறவளுக்கு ஒரு வருஷத்துக் கருவாடு எதுக்குன்னு கேக்குறாங்க. அங்க இருக்கிற நம்ம பசங்களுக்குன்னேன். என்ன பசங்க, என்ன வேலைன்னு பிடிச்சுக்கிட்டாங்க. உன்கிட்டப் பேசணுமாம். நீயே சொல்லுக்கா, சுற்றுலாதான்னு!"

ரொண்டெலின் முகம் சுண்டிப்போனது. கேமராவுக்குத் தெரியாமல் அவள் பின்னால் வந்து, மின்தடியைப் பிடரியில் வைத்தான். "சிரிச்சுக்கிட்டே சொல்லு" என்று காதில் முணுமுணுத்தான். "நாளைக்குப் பெட்டி இல்லாம மறுபடி வரட்டும்."

நாளைக்கு! இதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. இன்றைக்குத் திருப்பினாலும் டிவினா நாளைக்கு வருவாள், வராமல் விடமாட்டாள், அவ்வளவு பிடிவாதக்காரி.

திரையில் சீருடை போட்ட ஒரு பெண் அதிகாரி எட்டிப் பார்த்தாள். "வணக்கம்மா. நீங்க லாவோஸ்ல எங்க தங்கியிருக்கீங்க?"

ஜோவிலின் ஓனோஃப்ரேயின் கையைப் பார்த்தாள். பயந்தாள், நன்றாகவே பயந்தாள், கால் வழியே சிறுநீர் போனது. பிறகு அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

"பூட்டி வெச்சிருக்காங்க மேடம்! ஆத்தோரம், கம்பி போட்ட கட்டடம், எங்களை அடிக்கிறாங்க! அவளை விடாதீங்க! டிவினா, வராதடி! எப்பவும் வரா—"

பிடரியில் இடி இறங்கியது. மேஜையில் முகம் மோதி முன்பல் உடைந்தது. கீழே விழுந்தவளின் வயிற்றில் பூட்ஸ் கால் இறங்கியது, மறுபடி, மறுபடி. போன் மேஜைமேல் இன்னும் உயிரோடுதான் கிடந்தது. அதிலிருந்து டிவினா "அக்கா! அக்கா!" என்று அலறுவது கேட்டது, எந்த ஊர், எந்த ஊர் என்று அந்த அதிகாரி உரக்கக் கேட்பதும் கேட்டது.

"பொகேயோ!" என்று கத்தினான் ஓனோஃப்ரே. விரல் போன நாளிலிருந்து வாய் திறக்காத ஓனோஃப்ரே! "பொகேயோ மாகாணம், மேடம்!"

ரொண்டெல் பாய்ந்துபோய் போனைச் சுவரில் அடித்து நொறுக்கினான். பிறகு நாற்காலியைத் தூக்கி ஓனோஃப்ரேயின் தலையில் போட்டான். மாடியில் முதலாளியின் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் கை அப்படியே நின்றது. கருவாடு கேட்டது யார் என்று முதலாளி கேட்பான். இங்கே எல்லா அழைப்பும் பதிவாகும். அதில் ரொண்டெலின் சர்க்கரைக் குரலும் இருக்கிறது.

அவன் ஜோவிலினின் முடியைப் பிடித்துத் தூக்கினான்.

"நீதானேடி கருவாடு கேட்டே? அப்படிச் சொல்லு. இல்ல, இங்கேயே கொன்னுடுவேன்."

அவளுக்கு ஒரு கண் திறக்கவில்லை. அந்தப் பெட்டி இப்போது படகேறி பாந்தயானுக்கே திரும்பிப் போகும். டிவினா அழுதுகொண்டே திறப்பாள், அம்மா வறுப்பாள். வாய் நிறைய ரத்தத்தோடு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"நான் எங்கண்ணே கேட்டேன்? நீங்கதான் ஒரு பெட்டி கேட்டீங்க."

படிக்கட்டில் காலடிகள் இறங்கி வந்தன. ரொண்டெல் அவள் முடியை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றான்.