கொன்றை பட்டுப்போன ஆவணி

இலைகள் உதிரவே இல்லை, அதுதான் என்னைக் குழப்பியது, பச்சை போய் டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்ட இலைகள் அத்தனையும் கிளையிலேயே தொங்குகின்றன, காற்றடித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம், ஆடி முடிகிறவரை நன்றாக இருந்த மரம், ஐந்து வயதுச் சரக்கொன்றை, டெலிபோன் ஆபீஸில் கடைசி நாள் போட்ட மாலையோடு வீட்டுக்கு வந்தவள், மறுநாள் விடிந்தால் போக ஓர் இடமில்லையே என்ற பயத்தில் நர்சரிக்குப் போய் வாங்கி வந்து நட்ட கன்று, பெருந்துறை போகிற வழியில் இந்த சைட்டில் வீடு கட்டியபோது அண்ணன் கேட்டான், ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு வாசல்ல இத்தனை இடம், மரம் வைப்பேன் என்றேன், வைத்தேன், இப்போது அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அம்மா செத்தபோதுகூடக் கேட்காத கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எதனால் செத்தாய். கரையானோ என்று தூரைக் கொத்திப் பார்த்தேன், இல்லை, வேர் அழுகினால் நாறும் என்றார்கள், மண்ணை அள்ளி முகர்ந்தேன், மண்வாசனைதான், போர்த் தண்ணீர் உப்பு என்றால் பக்கத்தில் நிற்கிற செம்பருத்தி மட்டும் எப்படிப் பூத்துக் குலுங்குகிறது, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில் கடைசியில் மிஞ்சியவள் சாமியாத்தா, பக்கத்து வீட்டுக்காரி. ஆனி மாதம் அவள் சொல்லியிருந்தாள், அக்கா, உங்க மரத்து வேரு எங்க தண்ணித்தொட்டிக்கு வந்துருமாட்ட இருக்குதுங்க, கொஞ்சம் பாருங்க, நான் பார்க்கவில்லை, அப்புறம் ஒரு காலையில் பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பாட்டிலோடு அவள் சுவரோரம் நின்றதைப் பார்த்தேன், பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா, இப்போது யோசித்தால் அந்தப் பாட்டில் மத்தியானத் தூக்கத்தில்தான் தெரிகிறது, அதில் அவள் சாய்க்கிறாள், மரம் என் குரலில் இருமுகிறது, விழித்துக்கொள்கிறேன், வாசலில் மரம் காய்ந்து நிற்கிறது, அந்த ஆத்திரத்தோடு எழுந்து போய்ச் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டேவிட்டேன், மரத்துக்கு என்னத்த ஊத்துனீங்க. கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவள் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள், அப்படியே உள்ளே போய்விட்டாள், பாதித் துணி பக்கெட்டிலேயே கிடந்தது.

ஐந்து வருஷமாகக் காலை ஆறரைக்குத் துவைக்கிற கல்மேல் ஏறி நின்று அவள் சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பாள், ஏனுங்க்கா, சாப்டாச்சுங்ளா, ஆறரைக்கு யார் சாப்பிடுவார்கள், ஆச்சு என்பேன், அவளும் ஆச்சு என்பாள், இரண்டும் பொய், முப்பத்திரண்டு வருஷம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊர்க்காரர்களையெல்லாம் ஒருவரோடொருவர் பேசவைத்தவளிடம் இப்போது ஒரு நாளில் யாராவது கேட்கிற கேள்வி அது ஒன்றுதான், அது நின்று பதினோரு நாளாகிறது, ஆறரைக்கு நான் செம்பருத்திப் பக்கம் போய் ஏதோ வேலை இருக்கிற மாதிரி நிற்கிறேன், சுவர் சுவராகவே இருக்கிறது, எவ்வளவு தனியாக இருக்கிறேன் என்பது எனக்கு இத்தனை நாள் தெரிந்திருக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் மரத்தை வெட்டி இறக்க மரவெட்டி மாரப்பன் வந்தார், வந்தவர் உடனே அரிவாளை எடுக்கவில்லை, தூரிலிருந்து மேலே தடவிக்கொண்டே வந்து இடுப்பு உயரத்தில் கையை நிறுத்தினார், அங்கே ஒரு பிதுக்கம், அதற்கு மேலே தடிமன், கீழே சோனி, அந்த மரத்தின் உடல்வாகே அப்படி என்றுதான் நான் நினைத்திருந்தேன், போன சித்திரைல பூ எப்படிங்க என்று கேட்டார், ஓர் இலை தெரியாமல் பூத்தது, போகிறவர்கள் வண்டியை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள் என்று பெருமையாகச் சொன்னேன், அது சந்தோசத்துல பூத்ததில்லீங்க, சாகப்போறது தெரிஞ்சு பூத்தது என்றார், அந்தப் பூவுக்குக் கீழேதானே மே மாதம் முழுக்க நாற்காலி போட்டுச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரிவாள் முனையால் பட்டையைக் கீறி நெம்பினார், உள்ளே கறுப்பு நைலான் கயிறு, நான்கு சுற்று, பட்டை அதை விழுங்கி மேலே மூடியிருந்தது, இலை காய்ச்சற சாப்பாடு வேருக்கு எறங்க உடாம இறுக்கிப்போட்டுதுங்க, வேரு பட்டினில செத்துது, அப்பறம் மேல, ஊரு முச்சூடும் இதேதான், திருஷ்டிக்குனு கட்டறாங்க, கட்டுனத மறந்தர்றாங்க, யாருங்க கட்டுனது.

யார் கட்டியது, இரண்டு சித்திரைக்கு முன்னால், முதல்முதலாக மூன்றே மூன்று சரம் தொங்கிய அன்று, தலைக்கு ஊற்றிய ஈரம் காயாமல், மாரியம்மன் கோயில் வாசல் கடையில் வாங்கிய கயிறோடும் படிகாரத்தோடும் கேட்டைத் திறந்துகொண்டு வருகிறாள் சாமியாத்தா, கண்ணு பட்டுருமுங்க்கா, நானே பாத்து ஒரு பெருமூச்சு உட்டுட்டன், சுற்றிச் சுற்றிக் கட்டி, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து, தொங்குகிற நுனியைத் தீக்குச்சியால் சுட்டு, பிள்ளைக்கு அரைஞாண் கட்டியவள் மாதிரி இரண்டடி தள்ளி நின்று பார்க்கிறாள், மழையில் படிகாரம் கரைந்து போனது, கயிறு கண்ணில் படாமல் போனது, அரைஞாணைக்கூட இடுப்பு பெருக்கப் பெருக்க மாற்றிக் கட்டுவார்கள், அவளும் பிள்ளை வளர்த்ததில்லை, நானும் வளர்த்ததில்லை, எங்களுக்கு எப்படித் தெரியும். கன்று வாங்கும்போதே இருந்திருக்கும் என்று மாரப்பனிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை, அவர் அறுத்தெடுத்த கயிற்றை மடித்து முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சுவர்வழியே பேசியே பழகிய வீட்டுக்கு வாசல்வழியாகப் போனேன், கதவைத் திறந்தவள் வாங்க என்று சொல்லவில்லை, எங்கள் பக்கத்தில் எதிரி வந்தாலும் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவார்கள், நீங்க எதும் ஊத்தல, என் புத்திதான் கெட்டுப்போச்சு, மனசுல வெச்சுக்காதீங்க என்றேன், அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, அப்பறம் எதுனாலீங்க செத்துது என்று கேட்டாள், பதில் என் இடுப்பிலேயே இருந்தது, எடுத்துக் காட்டினால் நான் சொன்னது சரியென்றே ஆகிவிடும், மரத்தைக் கொன்றது அவள்தான், ஜெயித்துவிடலாம், ஜெயித்த பிறகு யார் வீட்டில் போய் உட்காருவேன், அவள் எங்கே போய் உட்காருவாள். தண்ணிங்க, நாந்தான் ரெண்டு வேளையும் ஊத்தி ஊத்தி வேரை அழுக வெச்சுட்டேன் என்றேன், அவள் முகம் மெல்ல இளகியது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நாந்தான் அப்பவே சொன்னனல்லங்க்கா, தண்ணிப் பைப்பைப் புடிச்சா உடமாட்டீங்கன்னு, வாங்க, உள்ள வாங்க. காபி கொடுத்தாள், சர்க்கரை அதிகம், குடித்தேன், வெளியே மாரப்பன் என் கொன்றையை இறக்குகிற சத்தம், இலைகள் இப்போதுதான் உதிர்கின்றன போலிருக்கிறது, அவள் பேசிக்கொண்டே இருந்தாள், பன்னிரண்டு நாள் பேச்சு, ஐப்பசி மழைக்கு வேற கன்னு வெச்சிருங்க்கா, பூக்கற வரைக்கும் உட்டதுதான் தப்பு, அதுக்குள்ள ஆரு கண்ணோ பட்டுப்போச்சு, இந்தத் தடவ வெச்ச அன்னைக்கே நான் வந்து கயிறு கட்டிர்றனுங்க. கட்டுங்க என்றேன், அவள் கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளாகப் பார்த்து நான் அதை அவிழ்த்து, கொஞ்சம் தளர்த்தி, அவள் போட்ட மாதிரியே முடிச்சுப் போட்டுவைக்க வேண்டும்.