இருவரும் ஒருவர்தானா?

ஒரு மாதமாகவே கூடத்துக் கணினி, யாரும் தொடாதபோதும் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. ஒரு படத்தைத் திறப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். அடுத்த வாரம் மகள் இஞ்சரா இறந்துபோய் ஒரு வருஷம் நிறைகிறது. அன்று மடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. அதற்குள் அவளுடைய நல்ல படமாக ஒன்றைத் தேர்ந்து, காந்தி பஜார் ஸ்டூடியோவில் சட்டம் போடக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீவத்ஸா கணினி முன் உட்கார்ந்தது அதற்காகத்தான்.

அவன் மனைவி சுமனா தரையில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டைகளைத் தோல் நீங்கப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, படம் எதுவும் போயிடாதே?"

"படத்தை நான் தொடவே போறதில்ல. பின்னால யாரோ ஓடிட்டிருக்காங்க. அது யாருன்னு பார்க்கணும், அவ்வளவுதான்."

அவனுக்கு இது பிடித்த வேலை. ஒரு வங்கியின் கணினிகளைக் கண்காணிப்பதுதான் அவன் தொழில். திரையில் நாம் திறந்து வைத்திருப்பவை கொஞ்சம். நாம் கூப்பிடாமலே ஓடும் நிரல்கள் நூற்றுக்கணக்கில். தெருமுனையில் காவிரித் தண்ணீருக்கு வால்வு திறந்துவிடுகிறவர் மாதிரி அவை. அவர் வந்து போனது யாருக்கும் தெரியாது. வராத நாளில் தொட்டி காலியாக இருக்கும்போதுதான் அப்படி ஒருவர் இருப்பதே நினைவுக்கு வரும்.

ஓடுபவற்றின் பட்டியலைத் திறந்து, அதிகம் உழைப்பது மேலே வரும்படி அடுக்கினான். மேலே நின்றது படங்களை முகம் பார்த்துப் பிரிக்கும் நிரல்.

அலுவலக நண்பன் பூணச்சாவின் அழைப்பு வந்தது. மடத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டுவிட்டு, "என்னப்பா, தட்டுற சத்தம் கேக்குது? ஞாயித்துக்கிழமையும் டூட்டியா?" என்றான்.

"வீட்டுக் கம்ப்யூட்டர். ஏதோ ஒண்ணு மொத்தத்தையும் தின்னுது."

"நிறுத்து. யாரு கத்துறாங்கன்னு பாரு. ஒருத்தரும் கத்தலேன்னா தேவையில்லாததுதான். உனக்குப் போய் நான் சொல்லணுமா?"

அது அவர்கள் அலுவலகத்தின் எழுதாத சட்டம். யாருடையது என்று தெரியாத நிரலை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். தொலைபேசி ஒலித்தால் மறுபடி ஓடவிடுவார்கள்.

ஆனால் ஸ்ரீவத்ஸா பொறுமைக்காரன். நிறுத்துவதற்கு முன் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள நினைத்தான். இந்த நிரல் ஒவ்வொரு படத்திலும் முகத்தைத் தேடும். கண்ணுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம், தாடை எப்படி வளைகிறது என்பதையெல்லாம் எண்களாக்கிவைக்கும். எண்கள் நெருங்கிவந்தால் ஒரே ஆள் என்று ஒரு கூட்டில் போடும். சந்தேகம் வந்தால் இரண்டு முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நம்மையே கேட்கும்: இருவரும் ஒருவர்தானா?

அது எழுதி வைத்திருந்த குறிப்புகளை வாசித்தான். ஒவ்வொரு முறையும் ஒரே படத்தில் வந்து, மேலே ஓட முடியாமல் விழுகிறது. விழுந்ததும், நின்றுபோனவற்றை மறுபடி ஓடவிடும் காவல் நிரல் அதை எழுப்பிவிடுகிறது. முதலிலிருந்து தொடங்கி அதே படத்தில் மறுபடி விழுகிறது. போனிலிருந்து பாதி இறங்கும்போது மின்சாரம் போய் அறுந்துபோன படம் அது. கண் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பட்டை. அந்தப் படத்தை எடுத்துத் தனியே வைத்தான். கணினியின் விசிறி அடங்கியது.

"பார்த்தியா? கல்லு தடுக்கி விழுந்துட்டே இருந்திருக்கு பாவம். கல்லை எடுத்துட்டேன்."

சுமனா தலையசைத்தாள்.

அத்தோடு எழுந்திருக்கலாம். ஆனால் ஒரு மாதமாக விழுந்து எழுந்த நிரல் தன் கணக்குகளைச் சேர்த்துவைக்கும் கிடங்கு சுத்தமாக இருக்குமா என்ற சந்தேகம் அவனை அரித்தது. படங்கள் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. கிடங்கில் இருப்பது அந்த நிரல் தானாகக் கணக்கிட்டது மட்டும்தான்; அழித்தால் தானாகவே மறுபடி கட்டிக்கொள்ளும். வங்கியில் பலமுறை செய்திருக்கிறான். கிடங்கை அழித்து, கணினியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தான். யாரும் கத்தவில்லை.

சாப்பாடு முடிந்ததும் சுமனா கை துடைத்துக்கொண்டு வந்து, வழக்கமாக மதியத்தில் உட்காரும் கணினி நாற்காலியில் உட்கார்ந்தாள். படங்களைத் திறந்தாள்.

"ஏங்க. இவ ஏன் ரெண்டு பேரா இருக்கா?"

அவன் வந்து பார்த்தான். புதிதாகக் கட்டப்பட்டிருந்த கூடுகளில் ஒன்றில் இரட்டைச் சடையும் பள்ளிச் சீருடையுமாக இஞ்சரா. இன்னொன்றில் முடி இல்லாத, புருவம் இல்லாத, மருந்தில் கன்னம் வீங்கிய ஒரு குழந்தை. இரண்டுக்கும் கீழே பெயர் இல்லை.

"அது அப்படித்தான் பிரிக்கும் சுமனா. முகத்தோட அளவே மாறிடுச்சுல்ல, அதுக்குத் தெரியாது. நாமதான் சொல்லணும்."

"சொன்னேனே."

"என்ன சொன்னே?"

"மத்தியானம் மத்தியானம் இங்க உட்கார்ந்து வேற என்ன பண்ணேன்னு நெனச்சீங்க? அது கேக்கும், ரெண்டும் ஒருத்தரான்னு. ஆமான்னு சொல்லுவேன். ஒவ்வொரு படமா. முதல்ல நிறைய கேட்டுச்சு. அப்புறம் அதுவே கண்டுபிடிக்க ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரியில எடுத்த படம் ஒண்ணை, ரெண்டு மாசம் முன்னாடி, என்னைக் கேக்காமலே, அதுவா இஞ்சரான்னு சொல்லுச்சு."

அளவுகளை நிரல் மறுபடி கணக்கிட்டுக்கொள்ளும். அவள் சொன்ன ஆமாக்களை எதிலிருந்து கணக்கிடும்? அவையும் அதே கிடங்கில்தான் இருந்திருக்கின்றன. பிரதி எடுத்து வைக்கவில்லை.

"எங்க போச்சு?" என்றாள் சுமனா.

"அழிச்சுட்டேன். அது தானா வந்துடும்னு நெனச்சேன்."

அவள் கத்தவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரெண்டையும் ஒட்டவச்சிருந்தேன்," என்றாள், அவனிடம் சொல்வது போல் இல்லை.

"நான் செய்யறேன். எல்லாத்துக்கும் நானே பதில் சொல்லிடறேன். நீ எந்திரி."

எழுந்து இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான். அந்தக் கடைசி மாதங்களின் படங்களை அவன் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்பீடு கிடைக்க வேலை நிலைக்க வேண்டும் என்று அப்போது அலுவலகத்திலேயே கிடந்தான். சாயங்காலம் அவன் போய்ச் சேரும்போது பெரும்பாலும் இஞ்சரா தூங்கியிருப்பாள்.

முதல் கேள்வி வந்தது. இடப்பக்கம் ஆண்டுவிழா வேஷம். வலப்பக்கம் மூக்கில் குழாயோடு சிரிக்கிற முகம். ஆம் என்று அழுத்தினான். அடுத்தது, ஆம். அதற்கடுத்தது ஜன்னலோரம் காகிதக் கிரீடத்தோடு, ஆம். மங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டான். விரல் பழகிவிட்டது. பச்சைத் தொப்பி போட்டு ஒருக்களித்துப் படுத்து, கேமராவைப் பார்க்கும் முகம். ஆம்.

"அது அவ இல்லை," என்றாள் பின்னால் நின்ற சுமனா.

அவன் திரும்பினான்.

"பக்கத்து பெட் பொண்ணு. சிர்சியிலிருந்து வந்திருந்தாங்க. அவ கேட்டான்னு இஞ்சராதான் என் போனை வாங்கி எடுத்துக் குடுத்தா."

ஸ்ரீவத்ஸா மறுபடி திரையைப் பார்த்தான். வீங்கிய கன்னம், இல்லாத புருவம். எத்தனை நேரம் பார்த்தும் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான்.

சுமனா உட்காரவில்லை. திரையில் அடுத்த இரண்டு முகங்கள் வந்து நின்றன.