முப்பத்தொன்பதாவது படிக்கு மேலே

எலெக்ட்ரீஷியன் குடியிருந்த நான்காவது மாடிக்கு அவர் ஏறினால் அறுபத்தாறு படிகள், அவர் மனைவி ஏறினால் எழுபத்துமூன்று. கைகோத்துக்கொண்டு ஏறினாலும் முப்பத்தொன்பதாவது படியில் அவள் மறைந்துவிடுவாள். ஏழு படி ஏறும் நேரம் கழித்து, ஒன்றும் நடக்காததுபோல் வந்து சேருவாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் அப்பா தந்த பைபிளில் அறுபத்தாறு புத்தகங்கள். வேறு சபையைச் சேர்ந்த பெண்ணின் அம்மா தந்ததில் பழைய ஏற்பாட்டின் முப்பத்தொன்பது முடிந்ததும் இன்னும் ஏழு இருந்தன. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தார்கள். மறுநாள் காலையிலிருந்து படிக்கட்டு இப்படித்தான். வீட்டுச் சொந்தக்காரர் ஒப்பந்தப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தார். இதைப்பற்றி அதில் ஒரு வரியும் இல்லாததால் பேசாமல் இருந்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற சர்வேயர். டேப்பை எடுத்து வந்து அளந்தார். மாடியின் உயரம் எல்லாருக்கும் ஒன்றுதான், அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பெண்ணின் அம்மா தையல்காரி. அந்த ஏழில் முதல் படியில் ஒரு நாய் படுத்திருப்பதாகச் சொன்னாள்; ஏழு புத்தகங்களில் முதலாவதில் ஊர்விட்டு ஊர் போகும் பையன் பின்னால் போகிற நாயாம். "எங்க சபை தள்ளிவெச்ச புத்தகத்துல நாய் இருந்தா என்ன, யானை இருந்தா என்ன?" என்றார் சர்வேயர். "படிச்சுட்டுப் பேசுங்க சம்பந்தி" என்றாள் அவள். அங்கேதான் அவருக்குச் சுருக்கென்றது. அந்த ஏழில் ஒரு பக்கத்தையும் புரட்டாமலேயே நாற்பது வருஷம் வாதாடியவர் அவர். மற்றவர்கள் யாரும் இவ்வளவு அலட்டிக்கொள்ளவில்லை. குழாய் ரிப்பேர்காரர் கிழக்குச் சபையைச் சேர்ந்தவர். ஒரு நாள் எழுபத்தாறு ஏறுவார், ஒரு நாள் எழுபத்தெட்டு, வேதத்தில் எத்தனை புத்தகம் என்ற கணக்கு அவர்கள் சபையிலேயே இன்னும் முடியவில்லை. எல்லாரையும்விடப் பெரிய பைபிள் வைத்திருந்த தபால்காரருக்கு எண்பத்தொன்று. அவர் கடிதங்களைக் கீழேயே வைத்துவிட்டுப் போவார்.

பேத்தி பிறந்தாள். அவளுக்கு எத்தனை படி என்பது சர்வேயரின் மனத்தைத் தின்றது. வெளியே கணக்கு என்று சொல்லிக்கொண்டாலும், உள்ளே அது வெறும் பயம்: குழந்தை அந்தப் பக்கம் போய்விட்டால் தனக்கு இல்லாமல் போய்விடுவாளோ என்று. நடக்க வந்த பிறகு பார்த்தால், தாத்தா கையைப் பிடித்தால் அவளுக்கு அறுபத்தாறு, பாட்டி கையைப் பிடித்தால் எழுபத்துமூன்று. சர்வேயர் எந்நேரமும் அவள் கையைப் பிடித்தபடியே இருந்தார்.

மூன்று வயதில் ஒரு மத்தியானம் அவள் பாட்டியோடு ஏறினாள். நாயைக் கண்டதும் கையை உதறிவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கெஞ்சியும் பார்த்தார்கள், மிரட்டியும் பார்த்தார்கள். தாத்தா வந்தால்தான் எழுந்திருப்பேன் என்று அடம்பிடித்தாள். சர்வேயர் ஓடி வந்தார். முப்பத்தொன்பதிலிருந்து காலைத் தூக்கி வைத்தால் நாற்பது, அதுவும் பேத்தியைத் தாண்டி எங்கோ மேலே. இறங்கி மறுபடி ஏறினார். பதினோரு தடவை ஏறினார். சிரிப்புச் சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது, கையை நீட்டினால் சுவர். "தாத்தா, ஏன் தாண்டித் தாண்டிப் போறீங்க?" என்றாள் குழந்தை. அவருக்கு அழுகை வந்தது, அழவும் செய்தார்.

பிறகு முப்பத்தொன்பதாவது படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். "அந்தப் புத்தகத்தைக் குடுங்க சம்பந்தி" என்றார். அவள் குத்திக்காட்டாமல் எடுத்து வந்து கொடுத்தாள். ஏழில் முதலாவதை, நாய் வருவதை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படித்தார். பையனின் குருட்டுத் தகப்பனுக்குப் பார்வை திரும்பிய இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார். முடித்துவிட்டு நியாயமாகவே பேசினார்.

"நல்லாத்தான் இருக்கு. வீட்டுல எல்லாரும் படிக்கலாம். ஆனா வேதத்துல சேர்க்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"உங்களை யார் சேர்க்கச் சொன்னா?" என்றாள் தையல்காரி.

அவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். இல்லாத படி அடியில் திடமாக வந்து தாங்கியது. பக்கத்தில் பேத்தி இருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தார். படியைக் காணோம், நாற்பதில் தனியாக நின்றார். மறுபடி இறங்கிப்போய் உட்கார்ந்தார், பேத்தி இருந்தாள். ஆக, அவருக்கு அங்கே உட்கார இடம் உண்டு, நிற்க இடமில்லை. அதுவே போதும் என்று பட்டது. நாய் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் மடியில் கனமாக ஏதோ தலை வைத்தது.

மற்ற ஆறையும் படித்து முடிக்க அந்த மழைக்காலம் முழுக்க ஆயிற்று. ஒவ்வொன்று முடிந்ததும் உட்கார இன்னொரு படி கிடைத்தது. இப்போதெல்லாம் சர்வேயர் முப்பத்தொன்பது படிகளை நடந்து ஏறுகிறார், அடுத்த ஏழு படிகளை உட்கார்ந்தபடியே பின்பக்கமாக நகர்ந்து கடக்கிறார், மிச்சத்தை மறுபடி நடக்கிறார். வேட்டியின் பின்பக்கம் எப்போதும் அழுக்கு. யாராவது கேட்டால், படி அறுபத்தாறுதான், நடுவில் உட்கார ஏழு இடம் இருக்கிறது என்பார். எழுபத்துமூன்று என்று தையல்காரி மேலேயிருந்து திருத்துவாள். பிறகு டீ டம்ளரோடு இறங்கி வருவாள்.

"காலைக் கொஞ்சம் மடக்குங்க சம்பந்தி, நானும் உக்காரணும்."

அவர் மடக்கிக்கொள்வார்.