இருபத்திரண்டு நாள் கணக்கு

ஆடி மழையை நம்பிக் கீழ்பென்னாத்தூரில் இரண்டு ஏக்கர் நிலக்கடலை விதைத்திருந்தான் ஆதவன். கிணறு வற்றிக் கிடந்தது. முன்பு போட்ட இரண்டு போர்களும் பொய்த்துவிட்டன. மூன்றாவதை எங்கே போடலாம் என்று கண்டுபிடித்துச் சொல்வதாக அவன் தங்கை கவிநிலா ஏற்றுக்கொண்டாள். அவள் நிலவியல் படித்தவள். வேங்கிக்காலில் வாடகை வீடெடுத்து, வீட்டிலிருந்தே வேலை செய்துவந்தாள்.

நிலமெங்கும் கம்பி நட்டு, மின்சாரம் செலுத்தி, மண்ணின் மின்தடையை அளந்தாள். அந்த அளவுகளைக் கொண்டு பூமிக்கடியில் நீர் நிற்கும் பாறைப் பிளவைத் தேட, பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினாள். அது ஓடி முடிய இருபத்திரண்டு நாள் ஆகும் என்று தெரிந்தது.

பைத்தான் புரோகிராம்களை ஓட்டும் மென்பொருளுக்கு இன்டர்பிரெட்டர் என்று பெயர். அவளிடம் இருந்ததைவிடப் பல மடங்கு வேகமான வேறொன்றும் இருந்தது. ஆனால் அவளுக்குத் தேவையான அறிவியல் கணக்குகளுக்கென ஆயத்தமாகக் கிடைக்கும் லைப்ரரிகள் பழைய இன்டர்பிரெட்டரின் உள்ளமைப்புக்கென்றே எழுதப்பட்டவை. புதியதில் அவை ஓடவில்லை. புதியதற்குள்ளேயே பழையதையும் ஓடவிட்டு, லைப்ரரி வேலையை மட்டும் அதனிடம் கொடுத்து வாங்க ஒரு பாலம் எழுத முடிவு செய்தாள்.

"பத்து நாள்ல எழுதிடுவேண்ணா. அப்புறம் ஒரே நாள்ல எடத்த சொல்லிடும்."

"சரிம்மா. மல்லாட்டச் செடி பூ வெக்கிறதுக்குள்ள சொன்னா போதும்."

இருந்தது ஒரே லேப்டாப். பாலம் எழுதும்போது வேறெதையும் அதில் ஓடவிட முடியவில்லை. ஒரு பிழையைச் சரிசெய்தால் வேறொன்று முளைத்தது. செடி பூத்தது. ஆதவன் போன் செய்தான்.

"இன்னும் எவ்ளோ நாள் ஆவும் கவி?"

"இந்த வாரம்ண்ணா."

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் காலையில் பாலம் வேலை செய்தது. சோதனைக்குப் போட்ட கணக்குகளுக்குச் சரியான விடை வந்தது. ஆனால் போகும்போதும் வரும்போதும் ஒவ்வோர் எண்ணையும் நகலெடுக்க வேண்டியிருந்தது. எண்களோ கோடிக்கணக்கில் இருந்தன. முழுக் கணக்கும் முடிய முப்பத்தோரு நாள் என்று திரை காட்டியது. பழைய வழியில் முதல் நாளே ஓடவிட்டிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். கவிநிலா கணக்கைப் பழைய இன்டர்பிரெட்டரிலேயே ஓடவிட்டாள்.

அது ஓடத் தொடங்கிய ஐந்தாம் நாள் ஆதவன் போர் வண்டியை வரவழைத்துவிட்டான். எழுநூறு அடி வரைக்கும் புழுதிதான் வந்தது.

அப்போதும் அவள் புரோகிராமை நிறுத்தவில்லை. அது முடிந்த அன்று பௌர்ணமி. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். கிரிவலக் கூட்டத்துக்குள் நடந்து, திண்டிவனம் சாலையில் பஸ் பிடித்து அண்ணன் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆதவன் வாடிய செடிகளைப் பிடுங்கி மாட்டுக்குக் கட்டுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சிடுச்சா?"

"ம். எங்கயுமே தண்ணி இல்லண்ணா. எங்க போட்டிருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்."

அவன் நிமிர்ந்தான். "இத அப்பவே சொல்லியிருந்தா நான் போரே போட்டிருக்க மாட்டனே."

அவன் கட்டை இறுக்கினான்.

"திங்கக்கெழமைலேர்ந்து கம்பெனி வேன்ல போறேன். செய்யாறுக்கு, வேலைக்கு."

கவிநிலா குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினாள்.

"உடு. கை கிழிஞ்சிடும்."

அவள் விடவில்லை. வேரில் இரண்டு காய்கள் தொங்கின. ஒன்றை நசுக்கிப் பார்த்தாள். உள்ளே பருப்பு பிடித்திருக்கவில்லை.