கடுப்பு நின்ன பிறகு

அறுபத்தொண்ணாம் வருசம் அந்த டிஸ்பென்சரியில நான்தான் எல்லாம். பேருக்குத்தான் கம்பவுண்டர். டாக்டர் வாரத்துக்கு ரெண்டு நாள் வருவார். மத்த நாளெல்லாம் இலுப்பூர்ப் பக்கத்துச் சனத்துக்கு இந்த நல்லதம்பிதான் டாக்டர். அந்தத் திமிர் எனக்கு இல்லைன்னு சொன்னா பொய்.

எங்க பக்கம் செந்தேள் அதிகம். கடலை புடுங்குற காலத்துல தினம் ஒருத்தருக்காவது கொட்டும். கொட்டுன ஒடனே சேவுகன்கிட்ட மந்திரிக்க ஓடுவாங்க. அவன் வேப்பங்கொத்தால தடவிக்கிட்டே, "இப்ப கடுப்பு எங்க இருக்கு?"ம்பான். தோள்லேருந்து முழங்கை, முழங்கையிலேருந்து மணிக்கட்டுன்னு எறக்குவான். கடுப்பு எறங்குனா வெசமும் எறங்கிருச்சுன்னு ஊரே நம்பும். அவன் மந்திரத்த நான் கேலி பண்ணுவேன். ஆனா அந்த நம்பிக்கை மட்டும் எனக்குள்ளயும் இருந்துச்சு. படிச்ச முட்டாள்!

அன்னைக்கு மத்தியானம் காத்தாயி தன் மகளத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தா. செவந்திக்கு ஆறு வயசு. கடலைக்கொடிய அள்ளையில சுண்டுவெரல்ல கொட்டிருச்சு. புள்ள போட்ட கத்தல்ல ரோட்டுல போனவனெல்லாம் எட்டிப் பாத்தான்.

"சேவுகன் ஊர்ல இல்லைங்கய்யா. புதுக்கோட்டை பஸ்ஸு நிக்கிது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரவா?"

"அப்ப நான் எதுக்கு இங்க குந்தியிருக்கேன்? ஒக்காரு இப்பிடி."

வெரலச் சுத்தி மரத்துப்போற ஊசி போட்டேன். அஞ்சே நிமிசம், கத்தல் நின்னுருச்சு. கண்ணுல தண்ணியோட புள்ள என்னயப் பாத்துச் சிரிச்சுச்சு. "வலிக்கலைங்கய்யா"ன்னுச்சு. எனக்குத் தலகால் புரியல.

"பாத்தியா, வெசம் எறங்கிருச்சு. எதுக்கு வெட்டி அலைச்சல்? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

புள்ளைக்கு நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுச்சு. கை சில்லுன்னு இருந்துச்சு. அழுத அலுப்புன்னு நெனச்சேன். பஸ்ஸு கெளம்பிப் போயிருச்சு.

பொழுது சாயுறதுக்குள்ள வாந்தி, மூச்சுத் தெணறல். வண்டி கட்டுறதுக்குள்ள செவந்தி போயிருச்சு.

ஆறு வருசம் கழிச்சு ஆத்மநாதன்னு புது டாக்டர் வந்தார். என்னைவிடப் பத்து வயசு எளையவர். வேற எங்கயோ நடந்த மாதிரி இதை அவர்கிட்ட கேட்டேன். ஒரு தாள எடுத்து ரெண்டு கோடு போட்டார்.

"நரம்போட தோல்ல கண்ணுக்குத் தெரியாத வாசல் இருக்குண்ணே. அது தொறந்தா வெளிய இருக்குற உப்பு உள்ள போகும். அப்படித்தான் வலிங்கிற சேதி ஓடுது. தொறந்த வேகத்துல மூடிக்கணும். தேள் வெசம் மூட விடாது. மரத்துப்போற ஊசி அந்த வாசல அடைச்சிரும், ஆனா போட்ட எடத்துல மட்டும்தான். ரத்தத்துல கலந்த வெசம் நெஞ்சுக்குப் போற நரம்பையும் போட்டு உலுக்கும். வேர்வை, சில்லிப்பு எல்லாம் அதுதான். வலி நின்னுச்சுன்னு எந்த மடையன் வீட்டுக்கு அனுப்புனான்?"

"தெரியலீங்க"ன்னேன்.

அன்னைக்குச் சாயங்காலமே சைக்கிள எடுத்துக்கிட்டு காத்தாயி வீட்டுக்குப் போனேன். சொல்லிரணும்னுதான் போனேன், சத்தியமா. கயித்துக்கட்டில இழுத்துப் போட்டு என்னய ஒக்கார வச்சா. பக்கத்து வீட்டுக்காரியக் கூப்புட்டு, "இவுகதான் எம்புள்ள கடைசியா வலியில துடிக்காமப் பாத்துக்கிட்டவுக. வீட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே வந்துச்சு தெரியுமா? அதை நெனச்சுத்தான் நான் உசுரோட இருக்கேன்"ன்னா.

பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தா புள்ள பொழைச்சிருக்குமான்னு எனக்குத் தெரியாது. ஆனா அழவிட்டிருந்தா அவ பஸ் ஏறியிருப்பா. அதை எந்த வாயால சொல்றது? அவ குடுத்த மோரைக் குடிச்சேன்.

"இப்ப ஊருக்குள்ள யாருக்குத் தேள் கொட்டுனாலும் மொத ஒங்ககிட்டத்தான்யா போகச் சொல்றேன்"ன்னா காத்தாயி.

சரின்னு தலையாட்டிட்டு வந்தேன், பாவி.