இரண்டாவது நகல்

அந்த அலுவலகத்தில் நிரல் எழுதுபவர்களில் அவள்தான் மூத்தவள். கொழுந்தனைச் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டதும் அவளே. சேர்த்த வாரத்திலேயே தொல்லை ஆரம்பித்தது.

தண்ணீர் மீட்டர்களின் அளவுகள், ஒரு கோடியே அறுபது லட்சம் எண்கள், தினமும் ஒரே பட்டியலாகக் கணினியின் நினைவகத்தில் ஏறும். அதற்கு இருநூற்று ஐம்பத்தாறு எம்.பி. பிடிக்கும். நிரலுக்கு ஐந்நூறு வரை அனுமதி; தாண்டினால் நின்றுவிடும். இரண்டு வருடம் சமர்த்தாக ஓடிய நிரல், அவன் வந்ததும் தினமும் பாதியில் செத்து விழுந்தது. அவன் வேலையோ சுண்டைக்காய் அளவு: தவறாக வந்த மைனஸ் எண்களைப் பூஜ்யமாக்குவது.

நினைவகம் எகிறிய அளவு சரியாக இன்னொரு பட்டியல் அளவு. அப்படியென்றால் யாரோ நகல் எடுக்கிறார்கள். எதற்கு? வெளியே கொடுக்கத்தான்! அவன் எழுதியதை ஐந்து முறை படித்தாள். ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததே சந்தேகத்தைக் கூட்டியது. கேட்டால் "தெரியல அண்ணி" என்று சிரிப்பான். சரியான ஊமைக்குசும்பு.

காலையில் மேலாளருக்கு அவன்மேல் புகார் எழுதிப் போட்டுவிட்டாள். மூன்று மணிக்கு அவனை உள்ளே கூப்பிட்டார்கள். இன்றோடு வேலை போய்விடும். வீட்டில் கணவனுக்கு என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

ஆதாரம் கையில் இருக்கட்டும் என்று, ஐந்நூறு என்ற வரம்பைத் தளர்த்திவிட்டு, வரிக்கு வரி நினைவகத்தை அச்சிடச் செய்து ஓட்டினாள். இருநூற்று ஐம்பத்தாறு. இருநூற்று ஐம்பத்தாறு. அவன் முதல் எண்ணைப் பூஜ்யமாக்கிய இடத்தில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு!

'மாட்டினான்' என்று துள்ளியவளுக்கு உடனே உறைத்தது. ஒரு எண்ணை மாற்ற இவ்வளவா?

மேலே பார்த்தாள். அவன் வந்த அன்று அவளே சேர்த்த வரி. அவன் பட்டியலைக் கெடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று 'பழசு' என்ற பெயரில் எடுத்து வைத்த நகல். எடுத்தபோது நினைவகம் துளியும் ஏறவில்லை, அதனால் மறந்தும் போனாள். இந்த நிரல் மொழி மகா சோம்பேறி. நகல் கேட்டால் எடுத்ததாகப் பேர் பண்ணும். ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர் வைக்கும். ஒரு எண்ணில் கை வைத்தால்தான் முழுசையும் நிஜமாகவே நகலெடுக்கும்.

வரியை அழித்து ஓட்டினாள். இருநூற்று ஐம்பத்தாறு, கடைசி வரை. அவமானத்தில் முகம் எரிந்தது.

மேலாளர் அறைக்கு ஓடினாள்.

"உக்காருங்க மேடம். தம்பி தன்னோட தப்புதான்னு ஒத்துக்கிட்டாரு."

"என்ன தப்பு?" என்று அவனைப் பார்த்தாள்.

அவன் மேசையைப் பார்த்தபடி, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்: "அந்தப் 'பழசு' வரிதான் அண்ணி. நான் போட்டேன்னு சொல்லிட்டேன். வந்த அன்னைக்கே பாத்தேன். எதுக்குப் போட்டீங்கன்னும் புரிஞ்சுது. எப்படிக் கேக்கிறதுன்னுதான் தெரியல."

அவள் உட்காரவில்லை.

"அது நான் போட்டது சார்," என்றாள். "இவரை நம்பாம போட்டது."